புல், கல்

இன்னும் வரவில்லை. வைரவன் பாறைமேல் உட்கார்ந்தபடி கழுத்தை மட்டும் திருப்பினார். வளைவுவரை பாதை வெறுமையாகக் கிடந்தது. ஒரு பக்கம் சரிவு, மறு பக்கம் கீழே ஆறு, நடுவில் ஒற்றையடிப் பாதை, அதில் ஈ காக்கை இல்லை. திரும்பிப் பார்த்ததை யாரும் கண்டுவிடக் கூடாது என்பதுபோலச் சட்டென்று முன்னால் பார்த்துக்கொண்டார். வருவாள். எங்கே போய்விடப் போகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் போவார், விசாலம் பின்னால் வருவாள். விசேஷ வீடானாலும் இழவு வீடானாலும் அப்படித்தான், அவர் போய் நின்று துண்டால் முகத்தைத் துடைத்து முடிப்பதற்குள் செருப்புச் சத்தம் வந்து சேர்ந்துவிடும். பெண்டாட்டியோடு ஜோடி போட்டு நடப்பதெல்லாம் அவருக்கு ஆகாது. அப்படி நடக்கிறவர்களைப் பார்த்தால் ஹாரன் அடிக்கத் தோன்றும். சிவகங்கையில் பஸ் டிரைவராகச் சேர்ந்து ஓய்வு பெறும்வரை முன்னால் பார்த்துத்தான் பிழைப்பு. பின்னால் பார்க்க பஸ்ஸில் கண்ணாடி வைத்திருந்தான்; தெருவில் நடக்கிறவனுக்குக் கண்ணாடி ஏது. வருவாள். வந்து நின்று மூச்சு வாங்குவாள், தண்ணி குடிக்கிறீங்களா என்பாள். எல்லாம் அவளால் வந்தது. சின்ன மகள் டேராடூனில் இருக்கிறாள், மருமகனுக்கு ராணுவத்தில் வேலை, வந்தோமா பேரனைப் பார்த்தோமா ரயில் ஏறினோமா என்றில்லாமல் இவளுக்குப் பனிமலை பார்க்க வேண்டுமாம். பார்த்தாயிற்றே, மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறதே என்றார். "இங்கருந்து பாத்தா காலண்டர்ல பாத்த மாதிரிதான் இருக்கு. நடந்து போயி பாக்கணும். உங்களுக்கு முடியலைன்னா வேணாம், நான் மட்டும் போயிட்டு வர்றேன்." நான் மட்டும். அந்த வார்த்தைதான் அவரைக் கிளப்பிக்கொண்டு வந்தது. ரெண்டு பேருக்கும் மகள் கான்வாஸ் ஷூ வாங்கித் தந்தாள், குரங்குக் குல்லாய் வாங்கித் தந்தாள், அம்மாவுக்குச் சுடிதார் வேறு வாங்கித் தந்தாள், இந்த வயதில். அதிலிருந்து அவர் அவள் பக்கமே சரியாகப் பார்க்கவில்லை. கூட வந்தவர்கள் நாலு கல்கத்தாக்காரர்கள், எதைக் கண்டாலும் போட்டோ. வழிகாட்டி சைன் சிங் என்று ஒருவன், கழுத்தில் விசிலும் தொப்பியில் ஒரு பூவுமாக. மூன்றாவது நாளாக நடக்கிறார்கள். பள்ளத்தாக்கு முடிந்தால் இன்னொரு பள்ளத்தாக்கு, ஊர் முடிந்தால் இன்னொரு ஊர், எல்லாம் மர வீடு, கீழே மாடு மேலே மனுஷன். இன்று காலையில் தாண்டிய ஊரில் கூரைமேலெல்லாம் ஏதோ கதிரைக் காயப்போட்டிருந்தார்கள், ரத்தச் சிவப்பில். எல்லாரும் நின்று படம் எடுத்தார்கள். கதிரைப் படம் எடுத்து என்ன செய்ய. அவர் நிற்கவில்லை. ஊரை விட்டு வெளியே வந்து ஒரு வாதுமை மரத்தடியில் பொறுமையில்லாமல் நின்றார். அப்போது பின்னாலிருந்து விசில் கேட்டது. ரெண்டு விசில். சரி, எல்லாம் ஏறியாச்சு என்று நடந்தார்.

அது எப்போது. வெயில் அப்போது எதிர்ச் சரிவில் இருந்தது, இப்போது பாதிச் சரிவு நிழலாகிவிட்டது. இந்த ஊர் வெயிலை நம்ப முடியாது, இருக்கிறது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே எடுத்து மடித்து வைத்துவிடுகிறார்கள். கல்கத்தாக்காரர்கள் நிற்க வைத்திருப்பார்கள். அவளும் சேர்ந்து நின்றிருப்பாள், யாராவது சிரி என்றால் சிரிப்பாள். இல்லையென்றால் ஊர்ப் பெண்கள் யாரிடமாவது பேச்சுக் கொடுத்திருப்பாள்; அவளுக்குத்தான் இந்தி தெரியுமே, பள்ளிக்கூடத்து நாளில் அக்கிரகாரத்துப் பிள்ளைகளோடு போய் ஏதோ பரீட்சையெல்லாம் எழுதியவள். கல்யாணமான புதிதில் அந்தச் சான்றிதழைக் காட்டினாள். அவர் ரயில்வே ஸ்டேஷன் பலகையில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசிய கூட்டத்தில் நின்றவர். "பத்திரமா வையி, அப்பளம் காயப்போட ஆகும்" என்றார். மறுபடி அதை அவள் வெளியே எடுக்கவில்லை. அதை எதற்கு இப்போது நினைக்க வேண்டும். ஆறு காதை அடைக்கிறது. இந்த இரைச்சலில் ஒருத்தி பின்னாலிருந்து கூப்பிட்டால் கேட்குமா. கூப்பிட்டிருப்பாளோ. கூப்பிட்டிருந்தாலும் என்னவென்று கூப்பிடுவாள், ஏங்க என்பாள், அவ்வளவுதான் அவள் சத்தம், பக்கத்து அறைக்கே எட்டாது. மாத்திரைப் பை அவளிடம். தண்ணீர் அவரிடம். இது என்ன பிரிவினை, தண்ணீரில்லாமல் அவள் மாத்திரையை எப்படி விழுங்குவாள். காலையில் நெஞ்சைத் தடவிக்கொண்டாளே. நெஞ்சையா, கழுத்தையா. சுடிதார் கழுத்து இறுக்குகிறது என்று தடவியிருப்பாள். தடவினாளா, அதையே இவர்தான் இப்போது உண்டுபண்ணுகிறாரா. எதிர்ச் சரிவில் எங்கிருந்தோ சிறு கற்கள் சரசரவென்று உருண்டன, யாரும் தொடாமல் தானாக. நின்றன. மறுபடி உருண்டன. வைரவன் எழுந்தார்.

அப்போதுதான் சரிவுக்கு மேலிருந்து ஆடுகள் இறங்கின. பின்னாலேயே ஒருவன், கம்பளிக் கோட்டு, கையில் தக்ளியைச் சுழலவிட்டு நூல் நூற்றபடியே இறங்கினான், கீழே பார்க்காமல். வைரவன் கை தட்டினார்.

"பாய். ஒரு அவுரத். அவுரத், லேடி." தன் தோளுக்கு நேராகக் கையை வைத்து உயரம் காட்டினார். மூக்கைத் தொட்டு மூக்குத்தி காட்டினார். "கிதர்?"

ஆட்டுக்காரன் நின்று யோசித்தான். "கோன்ஸா ரங்?" என்றான். தன் கோட்டைத் தொட்டான், ஒரு கறுப்பு ஆட்டைக் காட்டினான், ஒரு வெள்ளை ஆட்டைக் காட்டினான். என்ன நிறம் உடுத்தியிருந்தாள் என்று கேட்கிறான். வைரவன் வாயைத் திறந்தார். என்ன நிறம். காலையில் கூடாரத்து வாசலில் டீ நீட்டினாளே, டம்ளர் தெரிகிறது, ஆவி தெரிகிறது, கைவிரல் தெரிகிறது, அதற்கு மேல் என்ன நிறம். தெரியவில்லை.

"அவுரத்," என்றார் மறுபடி, அதட்டலாக.

அவனுக்குப் புரிந்ததுபோல இருந்தது. தக்ளியால் முன்னால் ஆற்றுப் பக்கம் காட்டினான். "புல் கல் கிர் கயா." பிறகு அதே தக்ளியால் மலையைக் காட்டினான். "ஊபர் ஸே கயீ."

"என்னது?"

"கயீ, கயீ. ஊபர் ஸே." கையை விரித்தான், அவ்வளவுதான் என்பதுபோல. ஆடுகள் அவனை விட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தன. அவனும் நாக்கைச் சொடுக்கிக்கொண்டு பின்னால் போனான்.

புல். கல். கிர் கயா. இந்தக் கடைசி ரெண்டு வார்த்தை அவருக்குத் தெரியும். யாரும் சொல்லித் தந்து தெரிந்ததில்லை. டிப்போவுக்குப் பக்கத்தில் கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார்கள், வடக்கத்திப் பையன்கள் சாரத்தில் நின்று வேலை பார்த்தார்கள், ஒரு நாள் உச்சிப் பொழுதில் அவர் வண்டியை எடுக்கிற நேரம், கிர் கயா கிர் கயா என்று அலறிக்கொண்டு ஐந்தாறு பேர் ஒருத்தனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பஸ்ஸில் ஏறினார்கள். ஒருத்தன் சாரத்தை அண்ணாந்து காட்டி ஊபர் ஊபர் என்றான். கண்டக்டர் விசில் ஊதவில்லை. ஊதாமல் அவர் வண்டி எடுத்த நாள் அது ஒன்றுதான். எந்த ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை, நேராகப் பெரியாஸ்பத்திரி. கண்ணாடியில் பார்த்தார், அந்தப் பையனின் கால் ஒன்று சீட்டுக்கு வெளியே தொங்கி, வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆடிக்கொண்டிருந்தது, ஆடுவது கால் இல்லை என்பதுபோல. இறக்கினார்கள். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து விட்ட டிரிப்பை ஓட்டினார். பிழைத்தானா இல்லையா, கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கிர் கயா என்றால் விழுந்துவிட்டது. ஊபர் என்றால் மேலே. மேலேயிருந்து. கயீ என்றால் போய்விட்டாள். புல்லில், கல் விழுந்து, மேலேயிருந்து, போய்விட்டாள். இந்த ஊர்க்காரன் எதற்குப் புல் என்றும் கல் என்றும் தமிழில் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. கல் எந்த ஊரிலும் கல்தானே. விழுந்தால் விழுந்ததுதானே. ஆட்டுக்காரனைக் கூப்பிடலாமென்று பார்த்தார், அவன் ஆடுகளோடு கீழே கூழாங்கல் அளவுக்குச் சிறுத்துவிட்டான். வைரவன் வந்த வழியே திரும்பி நடந்தார். நடக்கிறோம் என்றுதான் நினைத்தார். மூச்சு இரைக்கிற சத்தத்தைக் கேட்ட பிறகுதான் ஓடுகிறோம் என்று தெரிந்தது.

பாதை முழுக்கக் கல். வரும்போது இத்தனை கல் கிடந்ததா. இதோ இது புதிதாக விழுந்ததா, பழையதா, அடியில் மண் ஈரமாக இருக்கிறதே, புதுசுதான், இல்லை, பனி ஈரம். கீழே சரிவில் இடுப்புயரப் புல், மஞ்சள் பாய்ந்து, காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறது. ஒரு இடத்தில் எழவில்லை. அழுந்திக் கிடக்கிறது, ஒரு ஆள் படுத்த அளவுக்கு. வைரவன் நின்றுவிட்டார். மாடு படுத்திருக்கும். கரடி படுத்திருக்கும். கரடியா. இங்கே கரடி உண்டு என்று சைன் சிங் சொன்னதாக அவள்தான் சொன்னாள், எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள், அவன் பேசுவதைக் கேட்டு ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தாள், இவர் சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டு ம் ம் என்றிருந்தார், ஒன்றும் காதில் ஏறவில்லை. மகளுக்கு என்ன சொல்வது. எங்கேப்பா விட்டீங்க என்பாள். பின்னாலதான் வந்தா. திரும்பிப் பாக்கலியா. இல்லை. ஒரு தடவகூடவா. அழுந்திய புல்லுக்கு அப்பால் சிவப்பாக ஏதோ தெரிந்தது. துணிபோல. அவள் சிவப்பு உடுத்தியிருந்தாளா. நினைத்துப் பார், கிழட்டு மூதேவி, நினைத்துப் பார். மகள் மூன்று வாங்கினாள், ஒன்று பச்சை, ஒன்று நீலமோ கத்திரிப்பூவோ, இன்னொன்று. இன்னொன்று சிவப்பாக இருக்கக் கூடாது. உட்கார்ந்து உட்கார்ந்து சரிவில் இறங்கினார், புல்லைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, புல் கையை அறுத்தது. கிட்டே போனால் கதிர். கூரையில் காய்ந்த அதே சிவப்புக் கதிர், யாரோ சுமந்து போகும்போது தவறிய ஒரு கட்டு. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, கீரைத்தண்டு மாதிரி இருக்கிறது, கீரைதான் போலிருக்கிறது, விதைக்காகக் காயப்போடுகிறார்கள் போலிருக்கிறது என்று என்னென்னவோ யோசித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். உதவாத யோசனை. ஆனால் அதை விட்டால் அடுத்த யோசனை வந்துவிடும்.

ஊருக்குள் வந்தபோது அவர்கள் யாரும் இல்லை. கல்கத்தாக்காரர்கள் இல்லை, சைன் சிங் இல்லை. போட்டோ எடுத்த கூரைக்குக் கீழே ரெண்டு பெண்கள் கதிரைத் தடியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்திக்கு நடுவயசு, மற்றவள் சின்னவள், முதுகில் பிள்ளை. கையில் கதிர்க்கட்டோடும் முட்டியெல்லாம் மண்ணோடும் வந்து நின்ற கிழவரைப் பார்த்து அடிப்பதை நிறுத்தினார்கள்.

"க்யா ஹுவா, பாபாஜி?"

"அவுரத்," என்றார். "கல். கிர் கயா."

இவருக்கென்ன பைத்தியமா என்பதுபோல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவயசுக்காரி கிட்டே வந்து, கையிலிருந்த கதிர்க்கட்டை வாங்கிக் கீழே வைத்து, குழந்தையிடம் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள். "நாம்? நாம் க்யா ஹை?"

பேர் கேட்கிறாள். அது அவருக்குத் தெரிந்தது. பேர் தொண்டைவரை வந்து நின்றது. கல்யாணப் பத்திரிகையில் படித்த பேர், ரேஷன் கார்டில் படித்த பேர், பென்ஷன் பாரத்தில் வாரிசு என்ற இடத்தில் கையால் எழுதிய பேர். வாயால் சொன்னது எப்போது. வீட்டில் ஏய், இந்தா, இவளே. பிறத்தியாரிடம் வீட்டுல, புள்ளைக அம்மா. நாக்கு அந்தப் பேருக்கு எங்கே வளைய வேண்டும் என்று தெரியாமல் தடுமாறியது.

"விசாலம்," என்றார்.

"விஷால்?" என்றாள் அவள். முகம் மாறியது. "விஷால் கோ கயா?" சின்னவளிடம் திரும்பி ஏதோ படபடவென்று சொன்னாள். சின்னவள் தடியைப் போட்டுவிட்டு வயலுக்கு ஓடினாள், முதுகில் பிள்ளை குலுங்க. நடுவயசுக்காரி தன் இடுப்புக்கு நேராகக் கையை வைத்துக் காட்டி, இவ்வளவு உயரமா என்று கேட்டாள். பேரப்பிள்ளை காணாமல் போய்விட்டான் என்று நினைத்துக்கொண்டாள். இல்லை என்று தலையாட்டினார், கையாட்டினார், அதற்குள் வயலிலிருந்து சத்தம் கிளம்பிவிட்டது. விஷால், விஷால். ஒரு வயலிலிருந்து அடுத்த வயலுக்குப் போயிற்று அது. குனிந்து அறுத்துக்கொண்டிருந்தவர்களெல்லாம் நிமிர்ந்தார்கள், அரிவாளோடு சரிவை நோக்கி நடந்தார்கள், விஷால், ஓ விஷால், தாய்மார் பிள்ளையைக் கூப்பிடுகிற இழுவையில். இவர்கள் கூப்பிட்டால் அவளுக்கு எப்படித் தெரியும். எங்காவது அடிபட்டு, கண் மூடி, காது மட்டும் திறந்து கிடந்தாளானால்கூட, யாரோ எவனையோ தேடுகிறார்கள் என்று பேசாமல் கிடப்பாள். அவள் சுபாவம் அப்படி. தன்னைக் கூப்பிட்டாலே தன்னையா என்று ரெண்டு தடவை யோசிக்கிறவள். தப்பு, அது இல்லை பேர். வைரவன் ஊர் முகப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் டிரைவராக இருந்து வழிமறித்த லாரிக்காரனையெல்லாம் வைத வாய். விசாலம் என்று கத்தினார். முதல் தடவை உடைந்துபோயிற்று. ரெண்டாவது தடவை மலையில் பட்டு, சாலம் லம் என்று திரும்பி வந்தது. வயலில் இருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். மூன்றாவது தடவை கத்தியபோது தனக்கே அது யாரோ ஒருத்தருடைய குரல்போலப் பட்டது, அதுவும் நல்ல மனுஷனுடைய குரலாக இல்லை.

"ஏங்க."

நம்ம ஊர்க் கோயில் கூட்டத்தில் ஒருத்தி ஏங்க என்றால் இருபது தலை திரும்பும். இங்கே திரும்பியது ஒரே தலை, அதுவும் தப்பான திசையில், கீழே, புல்லைப் பார்த்து.

"ஏங்க. இங்க. மேல."

ஊருக்குப் பின்னால் மலைமேல் இன்னொரு பாதை இருந்தது. அதிலிருந்து அவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள், சைன் சிங் அவள் கையைப் பிடிக்கப் பிடிக்க அதை உதறிக்கொண்டு. சுடிதார் சாம்பல் நிறம். சாம்பல். அது மூன்றில் ஒன்றாகக்கூட அவர் கணக்கில் வரவில்லை. வைரவன் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார்.

"எங்க போயித் தொலைஞ்ச?" என்றார்.

"நான் தொலைஞ்சனா? நீங்க முன்னாடி போயிருப்பீங்கன்னு நான் எல்லாரையும் விட்டுட்டு ஓடு ஓடுன்னு ஓடிருக்கேன். அங்க போயிப் பாத்தா ஆளக் காணும். கல்கத்தாக்காரங்கள மேலயே ஒக்கார வச்சுட்டு எறங்கி வர்றோம். கீழ்ப்பாதையிலயா போனீங்க?"

"ஆமா."

"ரெண்டு விசில் அடிச்சாரே, கேக்கல?"

"கேட்டுச்சு."

"பின்ன?"

"ரெண்டு விசில்னா ரைட்டு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானை இருக்கிற நினைப்பில் கையை வாய்க்குக் கொண்டுபோய், துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள். "அது உங்க பஸ்ஸுல. இவங்களுக்கு ரெண்டு விசில்னா அப்படியே நில்லுன்னு அர்த்தம். நேத்து சாப்புடும்போது படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." சைன் சிங் என்ன என்று கேட்டான். அவள் இந்தியில் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஆட்டுக்காரன் ஒருத்தன் சொன்னான்," என்றார் வைரவன். "புல்லுல கல்லு விழுந்துருச்சு, மேலருந்து, நீ போயிட்டேன்னு."

"அப்படியா சொன்னான்? என்ன வார்த்தை சொன்னான்?"

சொன்னார். அந்த ஒரு வரி எழுத்துப் பிசகாமல் நின்றது.

"அட கடவுளே," என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "புல்லுன்னா பாலம்ங்க. கல்லுன்னா நேத்து. நேத்து பாலம் விழுந்துருச்சு, அந்தம்மா மேல் வழியாப் போயிருச்சுன்னு சொல்லிருக்கான். நல்லாத்தான் சொல்லிருக்கான்."

"நல்லாச் சொன்னான்," என்றார்.

வயலிலிருந்து பெண்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். விஷால் கிடைத்துவிட்டானா என்று கேட்டார்கள். விசாலம் அவர்களிடம் என்னவோ சொல்ல, ஒரு பெரிய சிரிப்பு எழுந்தது. நடுவயசுக்காரி விசாலத்தின் கன்னத்தைக் கிள்ளி, விஷால், விஷால் என்று கொஞ்சினாள். சிரிப்பு அடங்கிய பிறகு விசாலம் தண்ணீர் பாட்டிலை அவரிடமிருந்து வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டுச் சொன்னாள்: "மேல வரும்போது யாரோ என் பேரச் சொல்லிக் கத்துனாங்க. இந்த ஊருல யாருடா நம்ம பேரத் தெரிஞ்சவன்னு நெனச்சேன். நீங்கன்னு தெரியல."

அவர் ஷூக் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

மேல்பாதை ஒருவர் மட்டும் போகிற அகலம்தான். சைன் சிங் முன்னால் நடந்தான். "நீங்க போங்க," என்று விசாலம் வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். "நீ போ," என்றார். "நானா?" என்றாள். "போம்மா பேசாம." போனாள். அவர் பின்னால் நடந்தார். முன்னால் ஒரு ஆள் நடக்க அதைப் பார்த்து நடப்பது அவருக்குப் பழக்கமில்லாதது, எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை. அவள் முதுகைப் பார்த்தார். கொண்டை இவ்வளவுதானா, ஒரு எலுமிச்சை அளவு. எப்போது இவ்வளவாயிற்று. இன்னும் கொஞ்ச தூரம் போனபின், நடையில் ஏதோ ஒரு தாளம் பிசகுவதுபோலத் தெரிந்தது. ஏற்றத்தால் இருக்கும் என்று நினைத்தார். சமதரை வந்தது, அப்போதும் இருந்தது. வலது கால் ஊன்றி எழுகிறது. இடது கால் எழவில்லை, இழுபட்டு வருகிறது, தரையில் பட்டதும் சட்டென்று பாரத்தை வலது காலுக்கு மாற்றிவிடுகிறாள், சுடுகிற தரையில் வைத்ததுபோல.

"விழுந்தியா?"

"எங்க?"

"இங்கதான். ஓடிவரயில."

"இல்லையே."

"கால இழுத்து வைக்கிற."

"எந்தக் கால?"

"இடது."

"அதுவா," என்றாள், திரும்பாமல். "அது பழசுங்க."

"பழசுன்னா?"

"சின்னவ பொறந்தப்பறம்னு நெனைக்கேன். இல்ல, அதுக்கு முந்தியேவா. யாரு கண்டா. நீங்க ஓரத்துல வராதீங்க, உள்ள தள்ளி வாங்க."

சின்ன மகளுக்கே இப்போது காதோரம் நரைத்துவிட்டது. வைரவன் உள்ளே தள்ளி நடந்தார். மேடு திரும்பியதும் சைன் சிங் நின்று தடியை நீட்டிக் காட்டினான். விசாலம் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. காற்று சில்லென்று வந்து முகத்தில் அடித்தது, எதிரே ஏதோ வெளிச்சம் நிறைந்தது.

"பாத்தீங்களா?" என்றாள். "முழுசா தெரியுது. பாத்தீங்களா?"

"ம்," என்றார். பார்க்கவில்லை. இடது கால் ஒரு வேரைத் தாண்டிக்கொண்டிருந்தது.